‘நனைந்த காலணி’யில் யார் குரல்

சியோலின் மங்வொன் சந்தையில் முள்ளங்கி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரியின் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. ஒக்ஜு முதலில் காதில் வாங்கவில்லை. சந்தையில் எந்நேரமும் ஏதாவது ஒரு பாட்டு அலறிக்கொண்டுதான் இருக்கும். பிறகு கடைசிச் சரணம் வந்தது. ‘போகாதே’ என்ற சொல்லில் குரல் மேலே ஏறி, உச்சியில் சட்டென்று உடைந்து, உடைந்த இடத்திலேயே மறுபடி எழுந்து நின்றது. ஒக்ஜு கையில் முள்ளங்கியோடு சிலையாகிவிட்டாள். நம் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தி எதிரே வந்தால் நமக்குத் தெரியாதா? அது அவள் குரல்.

“என்னம்மா, வாங்கப்போறீங்களா, இல்ல மடியில போட்டுத் தாலாட்டப்போறீங்களா?” என்றாள் கடைக்காரி.

“இந்தப் பாட்டு யாரு பாடுனது?”

“தாஜொங். இத்தனை நாளா எந்த லோகத்துல இருந்தீங்க? ஊரே இதைத்தான் பாடிக்கிட்டிருக்கு.”

யார் பாடியது என்று ஒக்ஜுவுக்குத் தெரியாதா என்ன? பாட்டின் பெயர் ‘நனைந்த காலணி’ என்பதும் தெரியும். அதற்கு ட்ராக் பாடிக் கொடுத்தவளே அவள்தான். கடைக்காரி வாயிலிருந்து வேறு பெயர் ஏதும் வருகிறதா என்று பார்க்கத்தான் கேட்டாள். அற்ப ஆசை, வேறென்ன!

சியோலில் ஒரு பாட்டு பெரிய பாடகியிடம் போவதற்கு முன்னால் ஒரு ட்ராக் பாடகியின் தொண்டை வழியாகத்தான் போகும். இசையமைப்பாளர் மெட்டை முடித்ததும் அவளைக் கூப்பிடுவார். பாதி நேரம் பாட்டுக்கு வரிகளே இருக்காது. ஆங்கிலம் மாதிரி ஒலிக்கிற ஏதோ உளறலை வைத்து உருகி உருகிப் பாட வேண்டும். அதைக் கேட்டுக் கேட்டுப் பெரிய பாடகி பாட்டைப் பழகுவாள். அவள் பாடிப் பதிவானதும் ட்ராக் குரலின் வேலை முடிந்தது, அதை அணைத்துவிடுவார்கள். பின்னணியில் ‘ஊ’, ‘ஆ’ என்று கூட்டாகப் பாடுவதற்கும் இவளையே கூப்பிடுவார்கள். ஆல்பத்தின் உறையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், கோரஸ் என்று போட்டு இவள் பெயர் இருக்கும்.

ஒக்ஜு பிறந்தது தெற்கே பொல்க்யோவில். அம்மா பலகையில் ஒற்றைக் காலை மடித்து வைத்து, சேற்றுக்கடலில் சறுக்கிக்கொண்டு போய்ச் சிப்பி பொறுக்குகிறவள். கடல் ஏறும் நேரம் வந்தால் கரையிலிருந்து குழந்தை ஒக்ஜு, “அம்மா, வா!” என்று கத்துவாள். காற்றை மீறிக் கத்தும்போது குரல் உச்சியில் உடையும். அந்த உடைசல் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை. அதை நம்பித்தான் பாடகியாகப் போகிறேன் என்று சியோலுக்கு ரயிலேறினாள். ஊதா நிறச் சட்டை போட்ட படத்தோடு ஓர் ஆல்பமும் வந்தது. கம்பெனிக்காரன் கடையைச் சாத்திவிட்டு எங்கோ போய்விட்டான். விற்காத ஆல்பப் பெட்டிகளில் ஒன்று இன்றும் வீட்டில் இருக்கிறது, கிம்சி ஊறுகாய் வைக்கும் குளிர்பெட்டி ஆடாமல் இருப்பதற்கு முட்டுக் கொடுத்து. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவன் சங்பே வைத்த முட்டு அது. “உன் ஆல்பம் எவ்வளவு பாரத்தைத் தாங்குது பாரு!” என்று வேறு சொல்வான். அவளும் சிரித்து வைப்பாள்.

தாஜொங்கின் கதையும் பெரிய ராஜபாட்டை இல்லை. நாலு பெண்கள் ஆடிப் பாடும் குழுவில் கடைசி ஓரத்தில் நின்றவள். இரண்டாவது ஆல்பத்தோடு குழு கலைந்தது. அப்புறம் தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகி அழும்போது பின்னால் ஒலிக்கும் பாட்டுகள். பாடினது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. தனியாக ஒரு சின்ன ஆல்பம் போட்டாள், வந்த சுவடு தெரியவில்லை. ‘நனைந்த காலணி’யும் வெளிவந்தபோது கிணற்றில் போட்ட கல்தான், பாட ஒரு மேடைகூடக் கிடைக்கவில்லை. மாதங்கள் கழித்து, மகனைப் பட்டாளத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும் ஒரு தாயைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அந்தக் காட்சிக்குப் பின்னால் இந்தப் பாட்டைப் போட்டார்கள். அவ்வளவுதான்! நாடே மூக்கைச் சிந்தியது. பாட்டு தரவரிசையில் அடியிலிருந்து ஏறி உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒக்ஜு ட்ராக் பாடின அன்று இசையமைப்பாளர் கூ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “அக்கா, இந்தக் கடைசிச் சரணத்தை அப்படியே விட்டுடலாம் போல இருக்கு. தொடவே மனசு வரல” என்றிருந்தார். இசையமைப்பாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த தடவையும் கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டுமே! அது ஒக்ஜுவுக்கும் தெரியும். ஆனால் சந்தையில் பாட்டைக் கேட்டபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்து ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. விட்டே விட்டார்கள். பாட்டு முழுக்க தாஜொங், அந்த ஒரு சரணம் மட்டும் நான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கோரஸ் பாடப் போன அன்று தாஜொங் வந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கி, “அக்கா, அந்த இடத்துல குரல் எப்படி உடையுது? கொஞ்சம் சொல்லித் தாங்களேன்” என்று கேட்டாள்.

“அது சொல்லிக் குடுத்து வர்றதில்லம்மா. எங்க ஊரு தண்ணி அப்படி” என்று ஒக்ஜு கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கொடுக்க மனம் வரவில்லை. தன்னிடம் இருந்தது அது ஒன்றுதானே.

வசந்தத்தில் பொல்க்யோ பெண்கள் பள்ளித் தோழிகளின் கூட்டம். வருஷத்துக்கு இரண்டு முறை சியோலில் கூடுவார்கள். கூட்டத்தின் தலைவி கும்ஹி. தொண்டையும் பெரிது, வீடும் பெரிது. அவித்த சிப்பித் தட்டுகள் வந்ததும் அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

“ஏண்டி ஒக்ஜு, இன்னும் அந்த ‘ஊ... ஆ...’ வேலைதானா? பாட்டுக்குப் பின்னாடி நின்னு ஊளையிடுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சிரிப்பதுதான், ஒக்ஜுவும் சேர்ந்தே சிரித்திருக்கிறாள். அன்றைக்கு ஏனோ சுருக்கென்றது. சோஜு சாராயம் வேறு உள்ளே போயிருந்தது.

“‘நனைந்த காலணி’ கேட்டிருக்கீங்களா?”

“கேக்காதவ உண்டா? எம் மாமியாரே முணுமுணுக்குது.”

“கடைசிச் சரணம் யாரு பாடுனதுன்னு நினைச்சீங்க?”

ஒக்ஜு சிப்பி ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அந்த ஒரு வரியைப் பாடினாள். ‘போகாதே’ உடைந்து எழுந்தது.

“அடிப் பாவி! அது நீயாடி?” கும்ஹி வாயில் கை வைத்தாள். பிறகு சோஜு பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, பெரியவர்களுக்கு ஊற்றுவது மாதிரி ஒக்ஜுவின் கிண்ணத்தில் ஊற்றினாள். கும்ஹி! ஒக்ஜுவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு கைகளே கண்ணில் நின்றன.

அந்த வாரமே கும்ஹியின் மகள் இணையத்தில் எழுதிவிட்டாள்: ‘நனைந்த காலணி’யின் உயிரான இடத்தைப் பாடியது தாஜொங் இல்லை, என் அம்மாவின் தோழி, ஒரு ட்ராக் பாடகி. பெயர் போடவில்லை. பெயரா முக்கியம்? பற்றிக்கொண்டது. ஆட்கள் தாஜொங்கின் பழைய மேடை வீடியோக்களைத் தோண்டியெடுத்து, இசையை நீக்கி வெறும் குரலை மட்டும் கேட்டு, ‘இந்தக் குரலா அந்த உச்சிக்குப் போகும்?’ என்று எழுதினார்கள். அவளுடைய விசிறிகளே, ஏமாற்றப்பட்டோம் என்று ஒரு லாரியை வாடகைக்குப் பிடித்து, பெரிய திரையில் ‘தாஜொங், அது யார் குரல்?’ என்று ஒளிரவிட்டு, கம்பெனி வாசலில் நாள் முழுக்கச் சுற்றவிட்டார்கள். கம்பெனி வாயைத் திறக்கவில்லை.

ஒக்ஜு என்ன செய்தாள்? மூடி மறைப்பானேன், உள்ளூர மகிழ்ந்தாள். பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘அந்த முகம் தெரியாத பாடகியை மேடைக்குக் கொண்டுவாருங்கள்’ என்று ஒருவன் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ‘தாஜொங் வெட்கமில்லாதவள்’ என்பதையும் படித்தாள், தாண்டிப் போனாள்.

“ஏம்மா, உனக்கு நிச்சயமாத் தெரியுமா?” என்றான் சங்பே சாப்பிட்டுக்கொண்டே.

“என் குரல் எனக்குத் தெரியாதா? உங்க லிஃப்டுல சத்தம் வந்தா உங்களுக்குத் தெரியாது?”

“தெரியும்தான். ஆனா நான் தொறந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

“சாப்பிடுங்க முதல்ல” என்று அதட்டினாள்.

பிறகு கூவிடமிருந்து அழைப்பு வந்தது. ஹப்ஜொங்கில் அவருடைய நிலவறை ஒலிப்பதிவுக் கூடம். மதியம் போனாள். இனி அடுத்த பதிப்பில் உங்கள் பெயரையும் போடுகிறோம் என்பார்கள் என்று நினைத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனாள்! கதவைத் திறந்தால் உள்ளே தாஜொங். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தவள் எழுந்து, அன்று போலவே இடுப்பு வளைய வணங்கினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கூ நாற்காலியை இழுத்துப் போட்டார். “அக்கா, உக்காருங்க. ஒண்ணு போடுறேன், கேளுங்க” என்றார்.

திரையில் ‘நனைந்த காலணி’யின் ஒலித்தடங்கள் வரிசையாக விரிந்தன. கூ ஒவ்வொன்றாக அணைத்தார். தாள வாத்தியம் போனது, பியானோ போனது, கோரஸ் போனது. கடைசியில் ஒற்றைக் குரல் நின்றது. ‘போகாதே’ ஏறியது, உடைந்தது, எழுந்தது.

“நான்தானே இது” என்றாள் ஒக்ஜு.

“கொஞ்சம் முன்னாடியிருந்து போடுறேன்.”

நகர்த்தி வைத்தார். அந்த வரிக்கு முந்தைய மௌனம். அதில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு மிக அருகில், தாஜொங்கின் பேச்சுக்குரல்: “மன்னிச்சுக்குங்க சார், இன்னும் ஒரே ஒரு தடவை.” மூச்சு இழுக்கும் ஓசை. அந்த மூச்சிலிருந்தே, இடையில் வெட்டு ஒட்டு ஏதுமில்லாமல், பாட்டு கிளம்பி, உச்சிக்குப் போய், உடைந்து, எழுந்தது.

ஒக்ஜுவின் காது மடல் சுட்டது. கூ இன்னொரு தடத்தைத் திறந்தார். “இது நீங்க பாடுனது.” அதே சொற்களில் அதே வரி. அதே உடைசல்தான். ஆனால் ஒக்ஜுவுடையது உடைந்தபின் கொஞ்சம் தடுமாறி, தப்பித்தோம் என்று ஒதுங்கியது. தாஜொங்குடையது உடைந்த இடத்தில் பயப்படாமல் நின்றது. முப்பது வருஷம் தன் சொத்து என்று பொத்தி வைத்திருந்ததை அந்தப் பெண் எடுத்துத் துலக்கி, அவளைவிட நன்றாகப் பாடியிருந்தாள். அதைத்தான் ஒக்ஜு தன் குரல் என்று ஊருக்குள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பூமி பிளந்து விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது.

“அக்கா, உங்க மேல தப்பில்ல” என்றாள் தாஜொங். “நான்தான் அச்சு அசலா உங்களை மாதிரியே பாடிட்டேன். குளிர்காலம் பூரா உங்க ட்ராக்கைக் காதுல மாட்டிக்கிட்டே திரிஞ்சேன். பஸ்ல, ரயில்ல, தூங்குறப்பவும். எங்க அம்மா, ‘பேசாம அந்தப் பொம்பளையை வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடு’ன்னாங்க.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கூ மெதுவாக, “கம்பெனில இந்தப் பதிவை அப்படியே வெளில விட்டுடலாம்னாங்க அக்கா. இவதான் கூடாதுன்னு அழுது நிறுத்துனா. தோண்டினா உங்க பேரு வெளில வருமாம், உங்களைச் சும்மா விடமாட்டாங்களாம்” என்றார்.

“நானே சொல்லிடுறேன்” என்றாள் ஒக்ஜு. “என் வாயாலயே சொல்லிடுறேன்.”

சொன்னாளா? இல்லை. அதுதான் அவள் செய்ததிலேயே கேவலம். அறியாமல் செய்ததை மன்னிக்கலாம், அறிந்தபின் வாயை மூடிக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்ல? போனை எடுத்து, ‘அது என் குரல் அல்ல’ என்று எழுதுவாள். கும்ஹியின் இரண்டு கைகள் நினைவுக்கு வரும். அழிப்பாள். ஊரே மறந்துவிடும், நாலு நாளில் வேறு வம்பு கிடைத்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். சங்பேயிடம்கூடச் சொல்லவில்லை.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாஜொங் தொலைக்காட்சி மேடையில் நேரலையாகப் பாடினாள். நாடு முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. ஒக்ஜு தரையில் உட்கார்ந்து, தர்பூசணியைக்கூடத் தொடாமல் பார்த்தாள். பாடு, காட்டு அவர்களுக்கு என்று உள்ளுக்குள் மன்றாடினாள். கடைசிச் சரணம் வந்தது. ‘போகாதே’ ஏறியது. ஏறிய குரல் உடையவில்லை. வழவழவென்று, சுத்தமாக, நேராகப் போய் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை பாடுவது மாதிரி.

“என்ன, சப்புன்னு போயிடுச்சு?” என்றான் சங்பே.

ஒக்ஜு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாஜொங்கை அழைத்தாள். மாலையில்தான் எடுத்தாள்.

“ஏம்மா அப்படிப் பாடுன? உன்னால முடியுமே! நான் என் காதால கேட்டேனே!”

“வரல அக்கா. அந்த இடம் வந்ததும், இது என்னோடதுதானான்னு ஒரு நினைப்பு குறுக்க வந்து நிக்குது. வீட்டுல பாடிப் பாத்தாலும் வரல. ஊரு தண்ணின்னு சொன்னீங்கல்ல அக்கா. எனக்கு ஒத்துக்கல போல.”

குத்திக் காட்டச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒக்ஜு துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இலையுதிர் காலக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். கும்ஹி விடவில்லை. சாப்பாடு முடிந்து, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பாடும் அறைக்கு எல்லோரும் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே கும்ஹி கையைத் தட்டினாள்.

“பாத்தீங்களாடி டிவில? அந்தப் பொண்ணுக்கு வரவே இல்ல! இதுக்கு மேல சாட்சி வேணுமா? எங்க ஒக்ஜுடி!”

இனி முடியாது. ஒக்ஜு எழுந்து நின்றாள். “அது நான் இல்ல. தாஜொங்தான் பாடுனது. பதிவைத் தனியாப் போட்டுக் காட்டுனாங்க, என் காதால கேட்டேன். நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

கும்ஹி நெஞ்சில் கை வைத்தாள். “பாத்தீங்களா மனசை! அந்தப் பொண்ணு பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு தன் பேரையே விட்டுக் குடுக்குறா!” எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஐயோ, நான் நெசமாத்தான் சொல்றேன்!”

“கம்பெனிக்காரன் மிரட்டுனானா? எங்ககிட்ட என்னடி பயம்? பாடுடி!” யாரோ பாட்டின் எண்ணை அழுத்தியே விட்டார்கள். ‘நனைந்த காலணி’ தொடங்கியது. மைக் கைக்கு வந்தது.

சரி, பாடிக் காட்டினால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள் ஒக்ஜு. இருப்பதை இருக்கிறபடி பாடினாள். உச்சியில் குரல் உடைந்தது, தடுமாறியது, ஒதுங்கியது. ஆல்பத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. அவளுக்கே கேட்டது.

“அதேதான்! அச்சு அசல் அதேதான்!” கும்ஹி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

“என்னடி பண்ற?”

“வீடியோ எடுத்தேன். மகளுக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு நாடே பாக்கும், விடுடி!”

ஒக்ஜு மைக்கை மேஜையில் வைத்தாள். கும்ஹியின் முன்னால் போய் நின்றாள்.

“இன்னொரு தடவை எடு. முகம் நல்லாத் தெரியிற மாதிரி எடு.”

கும்ஹி குஷியாக போனைத் தூக்கினாள்.

“என் பேரு மா ஒக்ஜு. ட்ராக் பாடுறவ. ‘நனைந்த காலணி’ கடைசிச் சரணம் என் குரல்னு நான்தான் சொன்னேன். அது பொய். அந்தக் குரல் தாஜொங்கோடது. இது தெரிஞ்ச பிறகும் இத்தனை மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னை மதிச்சாங்கல்ல, அதை விட மனசு வரல. அதான் காரணம். யாரும் என்னை மிரட்டல.”

யாரும் கைதட்டவில்லை. இயந்திரம் தானாகவே அடுத்த பாட்டின் முன்னிசையை ஆரம்பித்தது, ஒருத்தி எழுந்து அதை நிறுத்தினாள். கும்ஹியின் கை மெல்லத் தாழ்ந்தது.

“அப்ப எங்களை வெச்சு... நான் உனக்கு ஊத்திக் குடுத்தேனேடி!”

“ஆமா.”

“இதை அனுப்பணுமா?”

“அனுப்பு.”

கும்ஹி முகத்தைப் பார்க்காமல் அனுப்பினாள். ஒக்ஜு தன் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, ரயில் நிலையம்வரை நடந்தே போனாள்.

திட்டு வந்தது, சொல்ல முடியாத திட்டு. லாரி இல்லை, அவ்வளவுதான். தாஜொங்கின் பெயர் துடைக்கப்பட்டது. அதே ஆட்கள் அவளைப் பாவம் என்றார்கள், அடுத்த ஆல்பத்தையும் கேட்டார்கள். ஆனால் எந்த மேடையிலும் அவள் அந்த வரியை இன்றுவரை நேராகத்தான் பாடுகிறாள். அடுத்த வசந்தக் கூட்டத்துக்கு ஒக்ஜுவை யாரும் கூப்பிடவில்லை.

கூ மட்டும் கொஞ்ச நாள் கழித்து வழக்கம்போல ட்ராக் பாடக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு உள்ளே நின்று, உளறல் ஆங்கிலத்தில், உச்சியில் குரலை உடையவிடாமல் சுத்தமாகப் பாடிக் கொடுத்தாள். கூ தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்தினார். அந்த உடைசல் இப்போது அந்த ஒரே ஒரு பாட்டில்தான் இருக்கிறது. மங்வொன் சந்தையில் அது ஒலிக்கும்போது ஒக்ஜு முள்ளங்கியைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறாள்.